வீட்டுக்குப் பக்கத்தில் குப்பைக் கூடம்: கேள்வி பதில்

உள்ளாட்சியில் திடக்கழிவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். குமரி மாவட்டத்தில் எங்கே குப்பைக் கூடம் வருவதாகப் பேச்சு கிளம்பினாலும் எனக்குப் போன் வருகிறது. இனி இங்கேயே கேளுங்கள்.

தக்கலை: எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், குப்பையை மட்க வைக்கும் உரக்கூடத்தை நகராட்சி கட்டப் போகிறது. 200 மீட்டருக்குள் வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறதே சார்?

அந்த 200 மீட்டர் 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளில் குப்பையைப் புதைக்கும் நிலத்துக்குச் சொன்னது. குடியிருப்பு, குளம், நெடுஞ்சாலை, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர், ஆற்றிலிருந்து 100. மட்க வைக்கும் கூடத்துக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நாளுக்கு 5 டன்னுக்கு மேல் கையாளும் இடமானால் சுற்றிலும் இடைவெளி விட வேண்டும். எவ்வளவு என்பதை உள்ளாட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு பேசி முடிவு செய்யும் என்று 2016 விதிகளில் இருந்தது. 2026 ஏப்ரலிலிருந்து அவற்றுக்குப் பதில் புது விதிகள், இப்போதைய கணக்கை வாரியத்தில் கேளுங்கள். ஆகவே மனுவின் முதல் வரியில் 200 மீட்டரை எழுதாதீர்கள். அதை மட்டும் மறுத்துவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள். என்ன கூடம், நாளுக்கு எத்தனை டன் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்தான், 30 நாளில் பதில் தரவேண்டும்.

அப்புறம், கிணற்றுத் தண்ணீரை இந்த வாரமே சோதித்து வையுங்கள்.

தோவாளை: நாற்றம் எவ்வளவு தூரம் வரும்?

தூரத்தைவிடத் திசை முக்கியம். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். கூடத்துக்குக் கிழக்கே வீடு என்றால் கவலைப்படக் காரணம் உண்டு. ஒழுங்காக மட்கும் குப்பை அவ்வளவு நாறாது. ஏற்கெனவே ஓடும் ஒரு கூடத்துக்குப் போங்கள். குப்பை மட்கும் தொட்டிக்குள் நீளக் கம்பியைச் சொருகி, கொஞ்ச நேரம் விட்டு, உருவித் தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் மட்குகிறது. சில்லென்று வந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அழுகுகிறது. கிளறவில்லை, காற்றுப் போகவில்லை. ஈயும் அங்கேதான் பெருகும். ஈயின் முட்டை ஈயாக ஒரு வாரம் பத்து நாள் போதும்.

குலசேகரம்: பத்து செண்டும் வீடும். விலை இறங்குமா?

புரோக்கரைக் கேளுங்கள்.

குளச்சல்: கிணறு கெட்டுப்போகுமா அண்ணாச்சி? அம்மா அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்.

இதுதான் உருப்படியான கேள்வி. ஈரக் குப்பையிலிருந்து கருப்பாக ஒரு நீர் வடியும். தளம் சிமெண்ட் போட்டு, வடிகால் தொட்டியில் சேர்ந்தால் கவலை குறைவு. வெறும் மண்ணில் கொட்டினால் இறங்கிவிடும். நம் பக்கத்துச் செம்பாறை துளைத்துளையாக இருப்பதால் மழைநீர் சீக்கிரம் உள்ளே போகும். வருஷத்தில் இரண்டு பருவமழை வேறு. கூடத்துக்குப் பள்ளத்தில் இருக்கும் கிணறுதான் முதலில் அடிபடும்.

கரைந்த உப்பு, குளோரைடு, நைட்ரேட், அம்மோனியா, கோலிபார்ம் என்ற கிருமி இவற்றைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. கடலோரக் கிணற்றில் உப்பு முன்பே கூடுதலாக இருக்கலாம். நாளைக்கு நீங்கள் புகார் கொடுத்தால் ‘அது கடல் உப்பு’ என்பார்கள். கூடம் வருவதற்கு முன் தேதி போட்ட அறிக்கை கையில் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது. சித்திரையில் ஒன்று, ஐப்பசி மழைக்குப் பின் ஒன்று எடுங்கள். கிணற்றுக்கு வலையும் போடுங்கள். காக்கை கோழிக்குடலைத் தூக்கிவந்து உள்ளே போடும்.

களியக்காவிளை: எதுக்கு சார் இதெல்லாம்? கூடம் கட்டினால் கேரளா லாரி வந்து கொட்டும்.

மார்த்தாண்டம்: எதுக்கெடுத்தாலும் கேரளா! குழித்துறை ஆற்றில் சாக்குச் சாக்காகக் கோழிக்கழிவு போடுவது யார்?

களியக்காவிளை: ராத்திரி சோதனைச் சாவடியில் வந்து நில்லுங்கள் அண்ணே, தெரியும்.

மார்த்தாண்டம்: நான் அந்த ரோட்டில் கடை வைத்திருக்கிறவன், தம்பி. இருட்டினால் நம்ம ஊர் ஆட்டோதான் பாலத்தில் நிற்கும்.

இரண்டு பேர் சொல்வதும் நடக்கிறது. 2024 டிசம்பரில் நெல்லை நடுக்கல்லூர்ப் பக்கம் கேரள மருத்துவக் கழிவு கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்ட பிறகு கேரளாவே லாரி அனுப்பி அள்ளிப்போனது. ஆனால் அவையெல்லாம் வேலி இல்லாத இடத்தில், ஆள் இல்லாத நேரத்தில் கொட்டியவை. எடைமேடையும் கேமராவும் லாரிப் பதிவேடும் உள்ள கூடத்தில் அப்படிக் கொட்டுவது லேசல்ல. ஆகவே அவற்றைக் கேட்டு எழுதுங்கள். கோழிக்கழிவுக்குத் தனி ஏற்பாடு என்ன என்றும் கேளுங்கள். மார்த்தாண்டத்துக்காரருக்கு அதுதான் பதில்.

களியக்காவிளை: கேமரா வேலை செய்யுமா சார்?

ஏற்கெனவே ஓடும் கூடத்தின் போன மாதப் பதிவைத் தகவல் உரிமையில் கேட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். இந்தச் சண்டை இத்தோடு போதும்.

இரணியல்: 200 மீட்டருக்குள் கட்டலாமா?

மேலே படியுங்கள்.

நாகர்கோவில்: வலம்புரிவிளைக் குப்பைக் கிடங்கு மாதிரி தீப்பிடிக்குமா?

பல வருஷக் குப்பை மலையில் உள்ளே மீத்தேன் சேரும், சூடும் ஏறும். கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2023 மார்ச்சில் பத்து நாளுக்கு மேல் புகைந்தது. அன்றாடம் வருவதை அன்றே பிரித்துத் தொட்டியில் போடும் கூடத்தில் அந்த அளவுக்குக் குப்பை சேராது. திட்டத்தில் ‘தற்காலிகச் சேமிப்பு’ என்ற வார்த்தை இருந்தால் எத்தனை நாள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

திங்கள்சந்தை: 200 மீட்டர்...

தக்கலைக்காரருக்குச் சொன்னதுதான்.

அருமனை: தண்ணீரை மினரல் வாட்டர் பாட்டிலில் கொண்டுபோகலாமா?

உப்புச் சோதனைக்குக் கொண்டுபோகலாம். கோலிபார்முக்குக் கூடாது, கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். எடுத்ததை ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். கிணறு எது, எடுத்த நாள் என்ன என்று அறிக்கையில் பதியச் சொல்லுங்கள்.