விம்பிள்டன் வென்றபின் மருத்துவராகவே வாழ்ந்த ஆட்டக்காரர் யார்?

அயர்லாந்தின் பிரே ஊரில் 1869-இல் பிறந்த ஜோஷுவா பிம்மைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1891, 1892 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் ஒற்றையர் இறுதியில் வில்ஃப்ரட் பேட்லியிடம் தோற்ற அவர், 1893-இல் முதல் செட்டை 3-6 என இழந்தும் 6-1, 6-3, 6-2 என அடுத்த மூன்றையும் கைப்பற்றி அதே பேட்லியை வீழ்த்தினார். மறுஆண்டும் பட்டம் அவருக்கே. பல் மருத்துவரான ஃபிராங்க் ஸ்டோக்கருடன் இரட்டையர் பட்டத்தையும் 1890, 1893-இல் வென்றிருந்தார்.

1895-இல் அவர் பட்டத்தைக் காக்கக் களமிறங்கவில்லை. டப்ளினில் மருத்துவமே அவருடைய வாழ்க்கையாயிற்று. டென்னிஸில் பரிசுப் பணம் இல்லாத காலம் அது என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

ஆனால் 1902-இல், 33 வயதில், அமெரிக்காவின் புரூக்ளினில் நடந்த டேவிஸ் கோப்பை என்னும் நாடுகளுக்கிடையிலான டென்னிஸ் போட்டிக்கு, பிரிட்டிஷ் அணியில் ஆட அவர் அழைக்கப்பட்டார். அணி அறிவிப்பில் அவர் பெயர் மறைக்கப்பட்டு 'மிஸ்டர் எக்ஸ்' என்றே குறிக்கப்பட்டது. உடல் பெருத்து, பயிற்சியும் விட்டுப்போயிருந்த அவர் அமெரிக்க ஆட்டக்காரர்களான விட்மன், லார்னட் இருவரிடமும் தோற்றார். அமெரிக்கா 3-2 என வென்றது. ஒற்றையரில் அதே பிரிட்டிஷ் அணியின் லாரி டோஹர்ட்டியை உட்காரவைத்துவிட்டு இவரை இறக்கியது, என் பார்வையில், தேர்வாளர்களின் பிழையே. பிம் 1942-இல் காலமானார்.