இத்தாலியப் பாதாம் விசுக்கோத்து வீட்டில் செய்தால் கல்லாகிறது. இன்னும் கொஞ்சம் வேகவிட வேண்டுமா?

வேண்டாம், நேரத்தைக் குறையுங்கள். கோதுமை மாவு இல்லாமல் பாதாம், சீனி, முட்டை வெள்ளைக்கரு மட்டும் சேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் செய்தது தெற்கு இத்தாலியின் சிசிலித் தீவில் செய்கிற பாஸ்தே தி மாந்தோர்லா. அது மெத்தென்றுதான் இருக்க வேண்டும். கடக்கென்று கடிபடுவது டஸ்கனியின் கான்டூச்சி. அதில் கோதுமை மாவு உண்டு. நீளக் கட்டியாக ஒரு முறை வேகவைத்து, துண்டு போட்டு மறுபடி வேகவைத்து, வின் சாந்தோ என்ற இனிப்பு வைனில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். டஸ்கனிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அதுவும் நல்ல பண்டம்தான். ஆனால் அது வேறு, இது வேறு.

நான் சிசிலியின் பலெர்மோ நகரில் ஓர் இனிப்புக் கடையின் சமையலறையில் வேலை செய்கிறேன். ஊரிலிருந்து மாமி வந்திருந்த நத்தார் நேரம், வீட்டில் ஒரு தட்டு செய்து ஆறவைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். மாமி ஒன்றை விரலால் அமத்திப் பார்த்திருக்கிறார். "பிள்ளை, உள்ளுக்க வேகேல்லை, நான் திரும்ப வைச்சிட்டன்" என்றார் நான் வந்ததும். எல்லாம் செம்மண் நிறம். மேல்மாடி இத்தாலிய அம்மா அதைக் கோப்பியில் ஊறவைத்துத்தான் சாப்பிட்டார். மாமியைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஊரில் விசுக்கோத்து என்றால் மொறுமொறுப்புத்தானே. மறுநாள் அவர் கண்முன்னே செய்து, ஆறியதும் பிய்த்துக் காட்டினேன்: மேலே மெல்லிய ஓடு, உள்ளே ஈரப்பசையோடு வெள்ளைப் பாதாம். அதன்பிறகு மாமி தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

அன்று நட்சத்திர மூக்குப் பையால் பிழிந்தது என் மகள். இந்த நகரத்தில் பிறந்தவள், சிசிலிப் பேச்சு என்னைவிட நன்றாகப் பேசுவாள். ஆனால் வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை, பிறப்பைக் காட்டிக் குடியுரிமை கேட்க 18 வயதுவரை காத்திருக்க வேண்டும் என்கிறது 1992-ம் ஆண்டுச் சட்டம். குடியுரிமை கேட்கப் பெரியவர்கள் இங்கே தங்கியிருக்க வேண்டிய 10 ஆண்டை 5 ஆக்கலாமா என்று 2025 ஜூனில் வாக்கெடுப்பு வைத்தார்கள். பாதிப் பேர்கூட வாக்களிக்க வரவில்லை, செல்லாமல் போய்விட்டது. நீங்கள் கேட்டது இதுவல்லதான், ஆனால் அவள் பிழிகிற பூவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது வருகிறது.

சரி, அளவு. தோல் நீக்கி நன்றாக உலர்ந்த பாதாம் 250 கிராம், சீனி 200 கிராம், இரண்டு வெள்ளைக்கரு, எலுமிச்சைத் தோல் துருவல். பாதாமைச் சீனியோடு சேர்த்து, இடையிடையே நிறுத்தி நிறுத்தி அரையுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் கக்கும். பிழிந்து, மேலே ஒரு முழுப் பாதாம் வைத்து, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் விடுங்கள். அப்போதுதான் வரிகள் உருகாது. ஓவனில் 180 பாகை செல்சியஸ் சூட்டில் 10 முதல் 12 நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். சூட்டில் தொட்டால் வேகாதது போலத்தான் இருக்கும், ஆறும்போது இறுகும்.

கசப்புப் பாதாம் சேர்க்காமல் அந்த மணம் வராது என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். பச்சைக் கசப்புப் பாதாம் வயிற்றுக்குள் சயனைடு விடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது எதற்கு? பாதாம் எசன்ஸ் இரண்டு துளி போதும்.

ஆறியதும் தகரப் பெட்டியில் மூடி வையுங்கள். சீனி ஈரத்தைப் பிடித்து வைப்பதால் சில நாள் மெத்தென்றே இருக்கும். சீனி போடாத கட்டிக் கோப்பியோடு கொடுங்கள், பல் இல்லாத பெரியவர்களும் சாப்பிடுவார்கள்.