கணவருக்குப் பாலியல் அடிமைப் பழக்கம் இருந்தால், மனைவி தனக்கு எப்படிப்பட்ட ஆலோசகரைத் தேட வேண்டும்?

கேள்வி கேட்டவர் குன்னூர்ப் பக்கம் இருக்கிறார். கணவர் ஆபாசப் படம், முகம் தெரியாதவர்களோடு வீடியோ கால், வெளித்தொடர்பு என்று பல வருடமாக விடமுடியாமல் இருப்பது இப்போதுதான் தெரிந்திருக்கிறது. நல்ல ஆலோசகரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்கிறார். நான் கோத்தகிரிக்காரி. எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். அவருக்குச் சிகிச்சை நடக்கிறது, எனக்கென்று வேறொரு சைக்காலஜிஸ்ட் இருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

அவருக்கு ஆள் தேடுவது ஒரு வேலை, உங்களுக்கு ஆள் தேடுவது இன்னொரு வேலை. இரண்டாவதை முதலில் செய்யுங்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அவர் ஃபோன் அதிர்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி எழுந்து அவருடைய வாட்ஸ்ஆப்பைத் தேடுகிறீர்கள் என்றால் உங்களுக்குப் புத்தி கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. பெரிய அதிர்ச்சி பட்ட உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். வெளிநாடுகளில்கூட முன்பெல்லாம் இந்தத் துறை ஆட்கள் மனைவியையும் நோயில் பாதிப் பங்குள்ளவளாகத்தான் பார்த்தார்கள். அவளைக் காயம்பட்டவளாகப் பார்த்து அந்தக் காயத்துக்கு மருந்து போடும் முறை அதற்குப் பிறகு வளர்ந்ததுதான். உங்களுக்கு வேண்டியவர் இந்த இரண்டாவது வகை.

இதைக் கண்டுபிடிக்க, பணம் கட்டுவதற்கு முன்பே ஃபோனில் ஒன்று கேளுங்கள்: "என் கணவர் இப்படி ஆனதற்கு நானும் காரணமா?" நல்ல ஆலோசகர் என்றால், கணவர் செய்ததற்குக் கணவர்தான் பொறுப்பு என்று நேராகச் சொல்வார். அதற்குப் பிறகுதான் உங்கள் தூக்கத்தையும் பயத்தையும் பற்றி விசாரிப்பார். நான் முதலில் போன இடத்தில், "நீங்க வீட்டுல அவரை நல்லா கவனிச்சுக்கிட்டா அவர் ஏம்மா வெளியே போறார்?" என்று கேட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டால் அந்த அமர்வு முடியும்வரைகூட உட்கார வேண்டியதில்லை. பாதிரியார், ஊர்ப் பெரியவர், மூத்த நாத்தனார் எல்லாரும் நல்ல மனதோடுதான் 'பொறுத்துப் போ' என்பார்கள். அவர்களுடைய ஆறுதலை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதைச் சிகிச்சையாக எண்ண வேண்டாம்.

அடுத்தது படிப்பு. ஆறு மாத டிப்ளமோ முடித்தவரும் கவுன்சலர் என்று போர்டு வைக்கிறார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். நேர்மையானவர்கள் கேட்டதும் கொடுத்துவிடுவார்கள். தூக்க மாத்திரையோ மனச்சோர்வுக்கு மருந்தோ தேவைப்பட்டால் அதை எழுதுவது எம்.பி.பி.எஸ். படித்த மனநல மருத்துவர். மாதத்துக்கு ஒரு நாள் லாட்ஜில் ரூம் போட்டு 'ஆண்மைக் குறைவு முதல் அனைத்தும்' பார்க்கும் வைத்தியர்களிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். இது அவர்களுடைய பொடிக்கு அடங்கும் விஷயமே இல்லை.

'செக்ஸ் அடிக்‌ஷன்' என்ற பேச்சை எடுத்ததும் ஆலோசகர் என்ன சொல்கிறார் என்றும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலுடைய 11-ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை' ஒரு கோளாறாக இருக்கிறது, ஆனால் போதைப் பழக்கங்களோடு சேர்க்காமல், உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளில் வைத்திருக்கிறார்கள். நீண்ட காலம், பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல், திரும்பத் திரும்ப முயன்றும் நிறுத்த முடியாமல் வாழ்க்கை கெட்டிருக்க வேண்டும். வெறும் குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அது கோளாறாகாது. ஆகவே "அப்படி ஒரு நோயே கிடையாது, ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான்" என்பவரும் வேண்டாம், உங்கள் கணவரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் "அவருக்கு நிச்சயமா அடிக்‌ஷன்தான்" என்று முத்திரை குத்துபவரும் வேண்டாம்.

இருவருக்கும் ஒரே ஆலோசகர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கணவர் சொன்ன ரகசியத்தை மனதில் வைத்துக்கொண்டு அதே ஆள் உங்களிடம் எப்படித் திறந்து பேச முடியும்? இருவரும் எழுதிச் சம்மதம் கொடுத்தால் இரண்டு ஆலோசகர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். சேர்ந்து உட்காரும் தம்பதி கவுன்சலிங் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எல்லா உண்மையையும் அவர் வாயால் கேட்டே தீரவேண்டும் என்று மனம் துடிக்கும். அதையும் உங்கள் ஆலோசகரோடு திட்டமிட்டே செய்யுங்கள். உடல்நலம், பணம், குழந்தைகள் சம்பந்தப்பட்டதை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். மற்ற விவரங்கள் கண்ணுக்குள் படமாக ஓடி, தூங்கவிடாது.

எங்கள் மலையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு கிளினிக் வாசலில் நின்றால் சாயங்காலத்துக்குள் ஹட்டி, அதாவது கிராமம், முழுக்கத் தெரிந்துவிடும். மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும், மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் முடியாது. அதனால் ஆன்லைனில் தமிழில் பேசும் ஆலோசகர் கிடைத்தால் தயங்காதீர்கள். பேச்சைத் தொடங்கும்போதே "இப்ப தனியா இருக்கீங்களா, யாராவது கேட்கிற தூரத்துல இருக்காங்களா?" என்று கேட்பவர் விஷயம் தெரிந்தவர். சிக்னல் போனால் என்ன செய்வது, ரசீதும் மெசேஜும் எந்த நம்பருக்கு வரும் என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள். நீங்கள் சொல்வதை வெளியே விடாமல் காப்பது அவர்களுடைய நல்ல குணம் மட்டுமல்ல, 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கொடுத்த உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற விதிவிலக்குகள் உண்டு. அவை எவை என்று ஆலோசகரே விளக்க வேண்டும்.

நல்ல ஆலோசகர் முதல் சந்திப்புகளிலேயே இரண்டு விஷயங்களைக் கேட்பார். ஒன்று, வீட்டில் அடி, மிரட்டல், விருப்பமில்லாத உறவு ஏதாவது இருக்கிறதா என்பது. இருந்தால் 181 பெண்கள் உதவி எண்ணைச் சொல்வார். இன்னொன்று, ரத்தப் பரிசோதனை செய்தீர்களா என்பது. கேட்காவிட்டாலும் செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம். இப்போது இல்லை என்று வந்தாலும், கடைசித் தொடர்பிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கச் சொல்வார்கள். மற்ற பால்வினை நோய்களுக்கும் சேர்த்துப் பாருங்கள். இதில் வெட்கப்பட உங்களுக்கு ஒன்றும் இல்லை.

பிரிந்துவிடு என்றோ சேர்ந்தே இரு என்றோ முதல் வாரமே தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள். மூன்று நான்கு முறை பேசிய பிறகும் வாய் திறக்கப் பயமாக இருந்தால், காரணம் சொல்லாமலேயே வேறு ஆளைப் பார்க்கலாம்.

ஆலோசகர் கிடைக்கும்வரை 14416-க்கு ஃபோன் செய்யுங்கள். டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் அது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். கணவர் சிகிச்சைக்கு வரமாட்டேன் என்றாலும் நீங்கள் தொடங்கிவிடுங்கள், அதற்கு அவர் சம்மதம் எதுவும் வேண்டியதில்லை.