பிங்க் ஃபிளாய்டின் முதல் ஆல்பம்: மோனோவா, ஸ்டீரியோவா?

வாசகர் கேள்வி: 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் கேட்டுத்தான் பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டுக்கு வந்தேன். இப்போது அவர்களுடைய முதல் ஆல்பமான 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' கேட்கிறேன். இயர்போனில் சில சத்தங்கள் ஒரு காதிலேயே ஒட்டிக்கொள்கின்றன. ஒரு பாட்டின் கடைசியில் மொத்த இசையும் இடதும் வலதுமாக ஓடுகிறது. இயர்போன் பழுதா, ஃபைல் சரியில்லையா? இதை மோனோவில்தான் கேட்க வேண்டும் என்கிறார் நண்பர். ஃபோனில் மோனோ செட்டிங் போட்டால் போதுமா? அமெரிக்கப் பதிப்பு எல்.பி. இசைத்தட்டு ஒன்றும் விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: இயர்போனிலும் கோளாறு இல்லை, ஃபைலிலும் இல்லை. நீங்கள் கேட்பது ஸ்டீரியோ மிக்ஸ், அதாவது பதிவான சத்தங்களை இடது, வலது என்று பிரித்துக் கலந்த வடிவம். மோனோவில் எல்லாம் ஒன்றாகவே வரும். இடதும் வலதுமாக ஓடுவது 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்' பாட்டின் முடிவு. அது வேண்டுமென்றே செய்தது. ஆனாலும் உங்கள் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இந்த ஆல்பம் லண்டனில் அபே ரோட்டில் இருக்கும் இ.எம்.ஐ. ஸ்டூடியோவில் 1967-இல் பதிவானது. தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித், 1965 வரை பீட்டில்ஸின் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தவர். அதே கட்டடத்தில் அதே மாதங்களில் பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அங்கே இருந்தது நான்கு டிராக் (தனித்தனிப் பதிவுத் தடம்) கொண்ட டேப் இயந்திரம். டிரம்ஸ், பேஸ், கிடார், ஆர்கன், குரல், வினோதச் சத்தங்கள் எல்லாம் அந்த நான்குக்குள் அடங்க வேண்டும். இடம் போதாவிட்டால் நான்கையும் கலந்து இன்னொரு டேப்புக்கு மாற்றிவிட்டு, மிச்சமிருக்கும் டிராக்குகளில் மேலும் பதிவு செய்வார்கள். இப்படி ஒன்றாகக் கலந்ததைப் பிறகு பிரிக்க முடியாது. ஸ்டீரியோ மிக்ஸ் செய்யும்போது அந்த மொத்தக் கட்டும் இடதிலோ வலதிலோ நடுவிலோ போய் உட்கார வேண்டியதுதான். சில சத்தங்கள் ஒரு காதோடு நின்றுவிடுவது இதனால்தான்.

அன்றைய பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட ரெக்கார்டு பிளேயர். அதனால் மோனோ மிக்ஸில்தான் கவனம் முழுவதும் இருந்தது. இசைக்குழுவினரும் அதில் கூட இருந்தார்கள். ஸ்டீரியோவை ஸ்மித்தும் பொறியாளர் பீட்டர் பௌனும் குழுவினர் இல்லாமலே விரைவாக முடித்தார்கள். குழுவின் அன்றைய பாடகரும் கிடார் கலைஞரும், பெரும்பாலான பாடல்களை எழுதியவருமான சிட் பாரெட் இந்தப் பாடல்கள் எப்படி ஒலிக்க வேண்டும் என்று நினைத்தார் என்பதற்கு நெருக்கமான சாட்சி மோனோதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காதில் என்ன வித்தியாசம் தெரியும்? முதல் பாட்டான 'அஸ்ட்ரானமி டாமினி'யை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் மேலாளர் பீட்டர் ஜென்னர் மெகாஃபோனில் கோள்களின் பெயர்களை வாசிக்கிறார். தந்தி அடிப்பது போன்ற ஒலி வருகிறது. அப்புறம் பாரெட்டின் கிடார். பின்சன் எக்கோரெக் என்ற இத்தாலிய எதிரொலிக் கருவி வழியாக அந்தக் கிடாரை அனுப்பினார் அவர். ஸ்டீரியோவில் இவற்றை எண்ணிப் பார்க்க முடிகிறது. மோனோவில் எண்ண முடியாது. எல்லாம் ஒரே திரளாக வந்து மோதும், கிடார் எங்கே முடிகிறது, எதிரொலி எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடாது. இந்த இசைக்கு அந்தப் பிடிபடாமைதான் உயிர். 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்' தொடக்கத்தில் ஸ்டீரியோவில் அமுங்கிக் கிடக்கும் ஆர்கனும் மோனோவில் மேலே வருகிறது.

ஆனால் அதே பாட்டுக்காகவே ஸ்டீரியோவையும் விட்டுவிடாதீர்கள். ஒன்பதரை நிமிடத்துக்கும் மேல் ஓடும் அதில் இரண்டு பதிவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டிருக்கின்றன. தாளமே கலைந்துபோன நடுப்பகுதிக்குப் பிறகு முதலில் கேட்ட அந்த இறங்கும் கிடார் வரிசை திரும்பி வந்து, காதுக்குக் காது ஊசலாடும். மோனோவில் இந்த ஊசலாட்டம் கிடையாது.

சரி, ஃபோனின் மோனோ செட்டிங். போதாது. அது ஸ்டீரியோ மிக்ஸின் இரண்டு பக்கங்களையும் கூட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கூட்டும்போது நடுவில் இருப்பவை உரத்துப்போகும், ஓரத்தில் இருப்பவை பின்வாங்கும். உண்மையான மோனோ மிக்ஸ் 1967-இல் தனியாக உட்கார்ந்து வேறு அளவுகளில் கலந்தது. அதைத் தனியாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எளிதான வழி 2007-இல் வந்த நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு: ஒரு சி.டி.யில் மோனோ, இன்னொன்றில் ஸ்டீரியோ, ரீமாஸ்டர் செய்தவர் ஜேம்ஸ் கத்ரி. மூன்று சி.டி. பதிப்பும் உண்டு, இரண்டே உங்களுக்குப் போதும். எல்.பி.தான் வேண்டும் என்றால் 2018-இல் வந்த மோனோ எல்.பி. இருக்கிறது. சாதாரண ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜிலேயே (பிளேயரில் ஊசி பொருந்தியிருக்கும் பகுதி) அது நன்றாக ஓடும், ஊசி மாற்ற வேண்டாம். 1967 பிரிட்டிஷ் முதல் அச்சு மோனோ என்றால் கொலம்பியா லேபிளில் எஸ்.எக்ஸ். 6157 என்று இருக்கும், எஸ்.சி.எக்ஸ். என்றால் ஸ்டீரியோ. கீறல் விழுந்த பழைய தட்டுக்குப் பெரிய தொகை கொடுப்பதை, சேகரிப்பவர் அல்லாத யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அந்த அமெரிக்கப் பதிப்பை முதல் பிரதியாக வாங்காதீர்கள். டவர் நிறுவனம் 1967 அக்டோபரில் வெளியிட்ட அதில் ஒன்பது பாடல்கள்தான். பிரிட்டிஷ் பதிப்பில் பதினொன்று. 'அஸ்ட்ரானமி டாமினி', 'ஃபிளேமிங்', 'பைக்' மூன்றையும் நீக்கிவிட்டு, தனிப் பாடலாக வந்திருந்த 'சீ எமிலி பிளே'யை முன்னால் வைத்தார்கள். வரிசையும் மாறிவிட்டது. ஆல்பத்தின் கதவைத் திறக்கும் பாட்டும் மூடும் பாட்டும் இரண்டுமே அதில் இல்லை. 'பைக்' பாட்டின் கடைசியில் கடிகாரங்களும் மணிகளும் கலந்து, வாத்துக் கத்தல் போன்ற ஒரு சிரிப்பு சுழன்று சுழன்று வருமே, அது இல்லாமல் இந்த ஆல்பம் முடிந்ததாகவே எனக்குத் தோன்றாது.

1973-இல் வந்த 'எ நைஸ் பேர்' என்ற இரட்டை எல்.பி.யும் பழைய கடைகளில் கிடைக்கும். முதல் இரண்டு ஆல்பங்களும் சேர்ந்தது. அதன் அமெரிக்கப் பதிப்பில் 'அஸ்ட்ரானமி டாமினி' இருக்கும், ஆனால் மேடையில் பதிவான வேறு வடிவம். வாங்குவதானால் பிரிட்டிஷ் அச்சா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 'டார்க் சைட்' பழக்கத்தில் வருகிறவருக்கு முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போவது சிரமமாக இருக்கலாம். 'மட்டில்டா மதர்' கேளுங்கள்; குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட்டின் குரலும் ஆர்கனும் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. பிறகு 'லூசிஃபர் சாம்', அப்புறம் 'இன்டர்ஸ்டெல்லார் ஓவர்டிரைவ்'. பேஸ் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் எழுதிய 'டேக் அப் தை ஸ்டெதஸ்கோப் அண்ட் வாக்' இந்த ஆல்பத்தின் பலவீனமான பாட்டு, அது பிடிக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். 'சீ எமிலி பிளே' பிரிட்டிஷ் பதிப்பில் இல்லை என்பதால் அதைத் தனியாகத் தேடிக் கேளுங்கள். 1971-இன் 'ரெலிக்ஸ்' தொகுப்பில் இருக்கிறது.