மூக்கடைப்பும் மூக்கில் அடிக்கும் மருந்தும்: ஒரு மருந்தாளுநரிடம் கேட்டவை

சார், ஜலதோஷத்தில் அலர்ஜி ஸ்ப்ரே (ஃப்ளூட்டிகசோன்) அடித்தால் ஒழுகி வெளியே வந்துவிடுகிறதே, பலன் உண்டா?

வெளியே வந்தது போக மீதியும் சளிமேல்தான் உட்கார்ந்திருக்கும். மூக்கிலுள்ள நுண்மயிர்கள் அந்தச் சளியை 15-20 நிமிடத்தில் தொண்டைக்குத் தள்ளிவிடும், மருந்தும் கூடவே போகும். அதனால் முதலில் உப்புநீரால் கழுவி, மெதுவாகச் சிந்துங்கள். கொஞ்ச நேரம் கழித்து, தலையை லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால் அடியுங்கள். அப்போதுதான் நுனி காதுப் பக்கம் பார்க்கும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். அடித்ததும் சர்ரென்று உறிஞ்ச வேண்டாம். தொண்டை கசந்தால் மருந்து வயிற்றுக்குப் போய்விட்டது.

அப்படியானால் ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு விட்டு மூக்கைத் திறந்துகொண்டு அடிக்கலாமே?

அலர்ஜி ஸ்ப்ரேக்கு, பெரியவர்கள் என்றால், மூன்று நாள் செய்யலாம். நாள்கணக்கில் நீட்டினால் அந்தச் சொட்டே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும்.

ஆனால் மூக்கு வழியாக ரத்தத்துக்குப் போக வேண்டிய மருந்து என்றால் கதை வேறு. அடைப்பு என்பது வெறும் சளி இல்லை, ரத்தக் குழாய்களின் வீக்கமும்தான். சொட்டு அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மருந்து உள்ளே போகும் பாதையும் அதேதான்! புற்றுநோய் வலிக்குத் தரும் ஃபென்டனில் ஸ்ப்ரேயோடு ஆக்ஸிமெட்டசோலினைச் சேர்த்துப் பார்த்தபோது, ரத்தத்தில் ஃபென்டனிலின் உச்ச அளவு ஏறக்குறைய பாதியானது. அந்த உச்சத்தை எட்டவும் இரட்டிப்பு நேரம் பிடித்தது. மூக்கு திறந்தது, மருந்து சரியாக ஏறவில்லை.

எப்போதும் ஒரு பக்கம் மட்டும் அடைத்திருக்கிறது. எந்தப் பக்கம் அடிப்பது?

சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாறினால் அது மூக்கின் இயல்பான சுழற்சி, பயம் வேண்டாம். மாறாமல் ஒரே பக்கம் அடைத்திருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தை டாக்டர் சொன்னபடியே அடியுங்கள்.

அப்பா டயாபடீஸ் இன்சிபிடஸுக்கு (சர்க்கரை நோய் இல்லை, சிறுநீர் அளவுக்கு மீறிப் போகும் நோய்) சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோப்ரெசின் ஸ்ப்ரே எடுக்கிறார். சளி பிடித்தால் ராத்திரி ஏழெட்டு முறை சிறுநீர் போகிறார். கூட ஒன்று அடிக்கலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. சாதாரண நாளிலேயே அந்த மருந்தில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குதான் ரத்தத்தில் சேரும். வீங்கிய மூக்கில் இன்று எவ்வளவு ஏறும், நாளை எவ்வளவு என்று சொல்ல முடியாது. கூட அடித்துக்கொண்டிருக்கும்போது அடைப்பு விட்டால் உடம்பில் தண்ணீர் தேங்கி, சோடியம் இறங்கி, குழப்பம், வலிப்பு வரை போகலாம். டாக்டரிடம் பேசுங்கள், சளி தீரும்வரை மாத்திரைக்கு மாற்றலாம். மாத்திரையின் அளவு பல மடங்கு அதிகம், நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம்.

குழந்தைக்கு வலிப்பு வந்தால் அடிக்க மிடசோலம் ஸ்ப்ரே தந்திருக்கிறார்கள். அப்போது சளி இருந்தால்?

காத்திருக்காதீர்கள் அம்மா. வெளியே தெரியும் சளியைத் துணியால் துடைத்துவிட்டு, எழுதித் தந்த அளவை அடித்துவிடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் வலிப்பு நிற்கவில்லை என்றால் 108. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தை என்றால், கன்னத்தின் உள்பக்கம் விடும் மருந்து சரிவருமா என்று அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.