ஆம்புலன்ஸ் நிலையம்: ஓய்வறையை மாடியில் வைக்கலாமா?

வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு வாசகர்: "ஊர்மக்கள் சேர்ந்து 108 வண்டிக்கு நிலையம் கட்டித் தர நினைக்கிறோம். 8 சென்ட் இடம் தானமாகக் கிடைத்திருக்கிறது. கீழே வண்டி, மேலே ஊழியர்களுக்கு ஓய்வறை என்று என்ஜினியர் வரைந்திருக்கிறார். சரிதானுங்களா?"

மாடி வேண்டாமுங்க. 8 சென்ட் என்றால் ஏறக்குறைய 3,480 சதுர அடி. எல்லாமே தரைத்தளத்தில் தாராளமாக அடங்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அழைப்பு வந்தால், அரைத்தூக்கத்தில் எழும் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் படியிறங்கி ஓடக்கூடாது. ஓய்வறைக் கதவு நேராக வண்டிக் கொட்டகைக்குள் திறக்கட்டும். பெண் உதவியாளர்களும் இரவுப் பணி பார்க்கிறார்கள். உள்தாழ்ப்பாளோடு தனி அறையும் கழிப்பறையும் இப்போதே வரைபடத்தில் வரட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது வராமலே போய்விடும்.

கொட்டகைக்கு வண்டி நுழையும் அளவு மட்டும் போதாது. பின்கதவுகளை விரித்து ஸ்ட்ரெச்சரை முழுதாக வெளியே இழுக்க வேண்டும். 28 அடி நீளம், 14 அடி அகலம் வையுங்கள். வாசல் உயரம் 11 அடி. ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியேற வழியிருந்தால் ரிவர்ஸ் எடுக்கும் நேரமும் மிச்சம். வாசல் மேற்கு பார்க்க வேண்டாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து உள்ளே கொட்டும். கோடையில் சாயங்கால வெயில் வண்டிமேலேயே விழும். உள்ளே இருக்கும் மருந்துகள் பலவும் 30 டிகிரிக்கு மேல் தாங்காதவை. அதனால் வெறும் தகரக் கூரையும் கூடாது.

பலரும் மறப்பது கழுவுமிடத்தை. விபத்துக்குப் போய் வந்த வண்டியின் தரையிலும் ஸ்ட்ரெச்சர் சக்கரத்திலும் ரத்தம் உறைந்திருக்கும். அதைத் தெருவோரம் நிறுத்திக் கழுவ விடாதீர்கள். வழுக்காத தரை, ஒரு மூலைக்கு வாட்டம், நல்ல அழுத்தமுள்ள குழாய் வேண்டும். கழுவின தண்ணீரைக் கிருமிநீக்கம் செய்த பிறகே வெளியேற்ற வேண்டும்; சாக்கடையில் நேராக விடக்கூடாது. ரத்தம் பட்ட பஞ்சு, துணியை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதி. அந்தக் கழிவைப் போடும் தொட்டிகளைச் சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள்.

ஆக்சிஜன் சிலிண்டர்களை நிழலில், நிமிர்த்தி, சங்கிலி போட்டு வைக்க வேண்டும். எண்ணெய், கிரீஸ் கிட்டேயே வரக்கூடாது. வண்டிக் கருவிகள் சார்ஜ் ஏற 15 ஆம்பியர் பிளக் ஒன்றும், அதற்கு இன்வெர்ட்டரும் வேண்டும்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பது சேவை நிர்வாகத்தின் முடிவு. கடைக்கால் தோண்டும் முன்பே அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். பிறகு காலி இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் சுவர்க் கோடு போட்டு, ஊழியர்களை வண்டியோடு வரச்சொல்லி, கதவைத் திறந்து ஸ்ட்ரெச்சரை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இடிக்கிற இடத்தில் கோட்டை நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம்.