மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டால் எந்த ஸ்கேன்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருடமாகிறது. போன வாரம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டு, தானாகவே நின்றுவிட்டது. பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அம்மா கூச்சப்படுகிறார். வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. போதாதா?

பதில்: 'நின்றுவிட்டதே' என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மாதவிலக்கு நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டு பட்டாலும் காரணம் தெரிந்தாக வேண்டும். ஹார்மோன் குறைந்து சவ்வு மெலிந்து போவதுதான் பெரும்பாலும் காரணம், சிலருக்குப் பாலிப், அதாவது சவ்வில் வளரும் சின்னச் சதை வளர்ச்சி. ஆனால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. சீக்கிரம் பிடித்தால் அறுவைச் சிகிச்சையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.

உட்சவ்வின் தடிமனை மில்லிமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும். வயிற்றின் மேலிருந்து கொழுப்பையும் குடல் காற்றையும் தாண்டிப் பார்ப்பதில் அந்தத் துல்லியம் கிடைக்காது. உள்ளே வைக்கும் ஸ்கேன் கருவி (புரோப்) ஒல்லியானது. உறை போட்டு, ஜெல் தடவித்தான் வைப்பார்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் படுத்தால் போதும், தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டிருக்கும் அவஸ்தை இதில் இல்லை. பெண் டாக்டர் வேண்டுமென்று முன்கூட்டியே கேளுங்கள். வலித்தால் நிறுத்தச் சொல்ல அம்மாவுக்கு முழு உரிமை உண்டு.

ரிப்போர்ட்டில் 'இ.டி.' என்று இருப்பதுதான் அந்தத் தடிமன். 4 மி.மீ. அல்லது அதற்குக் கீழே என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கூடுதலாக இருந்தால் பயாப்ஸி, அதாவது சவ்விலிருந்து சிறிது திசு எடுத்துச் சோதிப்பார்கள். 8 மி.மீ. என்று பார்த்ததுமே கலங்க வேண்டாம், பாலிப்பும் அப்படித் தெரியும். கருப்பைக்குள் சலைன் (உப்பு நீர்) செலுத்தி ஸ்கேன் எடுத்தாலோ, கருப்பைக்குள் மெல்லிய கேமராவை விடும் ஹிஸ்டிரோஸ்கோப்பியில் நேரடியாகப் பார்த்தாலோ அது தெளிவாகிவிடும்.

இரண்டு விஷயங்களில் அந்த 4 மி.மீ. கணக்கை நம்பக் கூடாது. ஒன்று, மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள். இன்னொன்று, மறுபடி மறுபடி ரத்தம் படுவது. சவ்வு மெலிதாக இருந்தாலும் பயாப்ஸி வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இப்போதைக்கு வீண் செலவு. பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியானால், அது கருப்பைத் தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கத்தான் அது பயன்படும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் ஸ்கேனில் தெரியாமலே போகலாம். ஆகவே கருப்பை வாயை டாக்டர் நேரில் பார்த்தாரா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை எதுவானாலும் அட்டையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.